ஒட்டுத்தையலும் ஓட்டுத்தையலும்

இலங்கை மலைநாட்டின் ஹட்டன் நகரில் புடவைக்கடை ஒன்றின் உள்மூலையில், திரைச்சீலைத் துணிகளுக்கும் மெத்தை உறைத் துணிகளுக்கும் நடுவே சாய்த்து வைத்திருந்த அந்தச் சுருளைத் தூரத்திலிருந்து பார்த்தபோது, பொறுமைசாலி ஒருவர் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை இணைத்துத் தைத்து விற்பனைக்கு அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அருகில் சென்று தொட்டதும் விரலுக்கு உண்மை தெரிந்துவிட்டது. மூட்டும் இல்லை, மடிப்பும் இல்லை. பூப்போட்ட சதுரம், புள்ளிச் சதுரம், கோடிட்ட சதுரம் என்று கண்ணுக்குத் தெரிந்த அத்தனையும், ஏன், சதுரங்களின் ஓரத்தில் ஓடிய தையல் கோடுகளும்கூட, ஒரே கொட்டன் துணியின்மேல் விழுந்த அச்சு. சற்று வெட்கமாக இருந்தாலும் நான்கு மீற்றர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா துணியின் முகத்தைப் பார்க்கவேயில்லை. நேராகப் புரட்டி, மங்கிய வெள்ளையாகக் கிடந்த பின்புறத்தைப் பார்த்தார். "நாங்க ஒட்டுப் போட்டத மறைக்கிறதுக்குப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இப்ப ஒட்டு மாதிரியே அச்சடிச்சு விக்கிறாங்களா? அதயும் நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க" என்றார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த நான்கு மீற்றரையும், அதன்பின் வாங்கிய வேறு சில துணிகளையும் வெட்டித் தைத்துப் பழகியதில் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மா சொன்னதன் பின்னால் எங்கள் அப்பாயியின் போர்வை இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில், இரவுக் குளிருக்குப் போர்த்திக்கொள்ள அந்தக் காலத்தில் இருந்தது முரட்டுக் கம்பளி ஒன்றுதான். அது ஆளுக்கொன்றாக ஒருபோதும் இருந்ததில்லை. பிள்ளைகளுக்காக அப்பாயி, நைந்த சேலைகளின் முந்தானைப் பக்கங்களையும், கோதுமை மா வந்த வெள்ளைத் துணிப் பைகளையும், தாத்தாவின் கிழிந்த சட்டைகளையும் வெட்டி இணைத்து, இரண்டு மூன்று அடுக்காக வைத்து, கையாலேயே தைத்தெடுத்த போர்வை அது. அதில் எந்த வடிவமும் திட்டமிட்டு வந்ததல்ல. எந்தத் துணியில் எவ்வளவு நல்ல பகுதி மிஞ்சியிருந்ததோ அதுவே துண்டின் அளவாயிற்று. நான் அறிந்தவரை எங்கள் பக்கத்தில் இதற்குத் தனிப் பெயரும் இருந்ததில்லை. ஒட்டுப்போட்ட போர்வை, அவ்வளவுதான். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பதற்குக் காந்தா என்றும், சிந்து மாகாணத்தில் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கு ரல்லி என்றும் பெயர்கள் இருப்பதையும், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலைச் சட்டைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கியதையும் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அப்பாயியின் போர்வை எங்கள் வீட்டுத் தகரப்பெட்டிக்குள் கிடந்தது.

ஒட்டுத்தையல் போலத் தோற்றமளிக்கும்படி அச்சிடுவது நேற்று வந்த தந்திரம் என்று நான் நினைத்திருந்தேன், அதுவும் தவறு. 1783இல் தோமஸ் பெல் என்பவர் உருளை கொண்டு துணியில் அச்சிடும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அது பரவி, அச்சுத் துணி மலிந்துபோன 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய துணிகள் கடைக்கு வந்துவிட்டன. 1930களிலும் 1970களிலும் இவை மறுபடி விரும்பி வாங்கப்பட்டன. ஆங்கிலத்தில் இதற்குச் 'சீட்டர் குளோத்' என்று பெயர். ஏமாற்றுத் துணி என்று பொருள். அச்சிட்ட பருத்தித் துணியை நம்மவர் சீட்டி என்றும் சீத்தை என்றும் சொல்லிவந்திருக்க, சீட்டர் என்ற வசைச்சொல் அதே ஒலியோடு வந்து ஒட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். இத்தனைக்கும் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணியின் அழகுக்கு அஞ்சித்தான், தத்தம் நெசவாளரைக் காப்பதாகச் சொல்லி, பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1700இலும் அதன் இறக்குமதிக்குத் தடை விதித்தன. கிடைத்தற்கரிய அந்தத் துணியிலிருந்து பூக்களை மட்டும் வெட்டியெடுத்து வேறு துணியில் வைத்துத் தைத்த ஐரோப்பியப் பெண்களும், அச்சில் வந்ததைத் தம் கைவேலையோடு கலந்தவர்கள்தாம்.

இனி வேலைக்கு வருகிறேன். ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் கொண்ட போர்வை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5 அங்குலச் சதுரங்களால் அதை உண்மையாகவே இணைப்பதானால் 192 சதுரங்கள் தேவை. ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போவதால் ஒவ்வொன்றையும் ஐந்தரை அங்குலமாக வெட்டவேண்டும். அதாவது தெரியும் பரப்பைவிட 21 சதவீதம் கூடுதலான துணி உள்ளே மறைந்துபோகிறது. இணைக்கும் தையல்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 45 மீற்றர். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பஞ்சு வைத்து, அடித்துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கும் வேலை தொடங்கும். அச்சுத் துணி இந்த 45 மீற்றரையும் நமக்குத் தள்ளுபடி செய்கிறது. அதை ஏமாற்று என்று சொல்வோர் கவனிக்காத ஒன்றும் உண்டு: மறைந்துபோகும் அந்த 21 சதவீதத் துணி போர்வையின் பாரமாகவும் ஈரமாகவும் நமக்குத் திரும்பி வருகிறது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கங்களில் மே தொடங்கிச் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும்போது, துவைத்த போர்வையைக் காயவைப்பது எத்தகைய போராட்டம் என்பது மலையில் குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தெரியும். கூரைத் தகரத்துக்குக் கீழே, அடுப்புப் புகையில், மூன்று நாளாகத் தொங்கும் துணியில் கடைசிவரை ஈரம் பிடித்திருப்பது மூட்டுகள்தாம். அச்சுத் துணியில் மூட்டுகளே இல்லை. அதே பஞ்சும் அதே அடித்துணியும் வைத்துத் தைத்த என் இரண்டு போர்வைகளில் அச்சுப் போர்வையே எப்போதும் முதலில் காய்கிறது. கையால் தைப்பவருக்கு இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: மூட்டுத் தடிப்பு குறுக்கிடாததால் ஊசி தடையின்றி ஓடும்.

ஆனால் எந்தச் சுருளையும் வாங்கிவிடலாம் என்று இல்லை. என் முதல் போர்வை கோணிப்போனதற்குக் காரணம், நான் துணியைப் பார்க்காமல் படத்தைப் பார்த்ததுதான். உண்மையான ஒட்டுத்தையலில் ஒவ்வொரு துண்டையும் பாவு (நீள இழை), ஊடை (குறுக்கு இழை) பார்த்து நேராக வெட்டிக்கொள்கிறோம். அச்சில் அப்படியல்ல. அச்சிடும்போது துணி சற்று இழுபட்டிருந்தால் சதுரங்களின் கோடு ஒரு பக்கமும், துணியின் ஊடை இன்னொரு பக்கமும் போகும். கோட்டைப் பார்த்து வெட்டினால் போர்வை துவைத்தபின் முறுக்கிக்கொள்ளும். இழையைப் பார்த்து வெட்டினால் ஓரத்துச் சதுரங்கள் ஒரு முனையில் முழுதாகவும் மறுமுனையில் பாதியாகவும் நிற்கும். இரண்டுக்கும் நடுவே நான் செய்த சமரசம் இரண்டு கேட்டையும் ஒருசேரத் தந்தது. ஆகவே இப்போதெல்லாம் கடையிலேயே துணியின் இரண்டு கரைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி மடித்து, ஓர் அச்சுக்கோட்டைத் தொடர்ந்து பார்க்கிறேன். கரையிலிருந்து கரைக்கு அது கால் அங்குலத்துக்குமேல் விலகினால் வாங்குவதில்லை. கடைக்காரர் முகம் சுளிப்பார்தான், சுளிக்கட்டும்.

துணியைத் துவைத்துப் பார்க்காமல் வெட்டியது அன்று நான் செய்த இரண்டாவது பிழை. பருத்தித் துணி 100 அங்குலத்துக்கு 3, 4 அங்குலம் சுருங்குவது வழக்கம். அதைவிடப் பெரிய சேதத்தைச் சிவப்புச் சாயம் செய்தது: முதல் துவையலிலேயே வெள்ளை அடித்துணி முழுவதும் இளஞ்சிவப்பாயிற்று. ஈரமான வெள்ளைத் துணித்துண்டால் ஒரு சிவப்புச் சதுரத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இனி, இந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் காரணமான விடயம். ஒட்டுக்கும் ஓட்டுக்கும் தமிழில் ஒரு மாத்திரைதான் வேறுபாடு. ஒட்டுத்தையல் துண்டோடு துண்டை இணைப்பது. ஓட்டுத்தையல் ஊசி மேலும் கீழுமாக ஏறியிறங்கி ஓடுவது. அச்சுத் துணி நமக்குத் தருவது ஒட்டின் தோற்றத்தை மட்டுமே. அதைச் சும்மா விரித்துப் போட்டால் சுவரில் ஒட்டிய படம்போலத் தட்டையாகக் கிடக்கும், எவரும் ஏமாறமாட்டார். ஆனால் பஞ்சும் அடித்துணியும் வைத்து, அச்சில் உள்ள கோடுகளின்மேலேயே ஓட்டுத்தையல் போட்டுவிட்டால், ஒவ்வொரு கோடும் பள்ளமாகி, ஒவ்வொரு சதுரமும் மேடாகி, பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது நிழல் விழுகிறது. அந்த நிழலைத்தான் நம் கண் இவ்வளவு காலமும் கைவேலை என்று அறிந்துவைத்திருக்கிறது. அதை எந்த உருளையாலும் அச்சிட முடியாது. சில துணிகளில் தையல் புள்ளிகளையும் பள்ளத்தின் கருநிழலையும்கூட அச்சிட்டுவிடுகிறார்கள். அவற்றை இப்போது நான் வாங்குவதில்லை. அச்சிட்ட நிழல் ஒரு திசையிலும், தைத்தபின் விழும் நிழல் வேறு திசையிலும் இருந்து கண்ணை உறுத்தும்.

தைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடித்துணியை மேசையிலோ தரையிலோ சுருக்கமில்லாமல் விரித்து, அதன்மேல் பஞ்சையும் அச்சுத் துணியையும் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரு சாண் இடைவெளியில் ஊக்கு குத்திக்கொண்டே போகவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கங்கள் எல்லாம் நடுவில் வந்து சேர்ந்துவிடும். மெஷினில் தைப்பதானால் தையலின் நீளத்தை இரண்டரை முதல் மூன்று மில்லிமீற்றர் வரை வைத்து, முதலில் நடுக்கோடுகளைத் தைத்து, பிறகு வெளிக்கோடுகளுக்குப் போகலாம். சிங்கர் நிறுவனம் இலங்கையில் கால்பதித்தது 1877இல். அதன் கறுப்பு மெஷின் ஒன்று, சக்கரத்தைக் கையால் சுற்றுவது, இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. இந்த வேலைக்கு அது தோது, ஏனென்றால் அவசரப்பட முடியாது. புதிதாகக் கற்பவர்களுக்கு அச்சுத் துணியைவிட நல்ல பயிற்சித்தாள் கிடையாது. கோடு போட்டு வந்த நோட்டுப் புத்தகம் போல, எங்கே தைக்கவேண்டும் என்பது ஏற்கெனவே வரைந்திருக்கிறது. என்னிடம் தையல் பழக வரும் பிள்ளைகளுக்கு ஒரு முழம் துணியைக் கொடுத்து, கோட்டைவிட்டு விலகாமல் தைத்துக் காட்டச் சொல்வேன். கை நேரானபிறகு, கோட்டின்மேல் தைப்பதை விட்டுவிட்டு, சதுரங்களுக்குள் குறுக்காகவோ வளைவாகவோ தைக்கச் சொல்வேன். அப்போதுதான் துணி அச்சுக்காரருடையதாக இல்லாமல் தைப்பவருடையதாக மாறத் தொடங்குகிறது.

போர்வைக்கு வேண்டிய அகலம் பெரும்பாலும் இந்தத் துணிகளில் இருப்பதில்லை. 44 அங்குலத் துணியில் கரை நீங்கலாக 42 அங்குலம் தேறும். இரண்டு துணிகளை நடுவில் இணைத்தால், ஒட்டே இல்லாத துணியில் உண்மையான ஒட்டு ஒன்று நட்டநடுவில் நின்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 42 அங்குலத்தை நடுவில் வைத்து, இருபுறமும் 9 அங்குல அகலத்தில் ஒற்றை நிறத் துணியைக் கரையாகப் பிடித்தேன். அச்சிலுள்ள நிறங்களில் மிகக் குறைவாக வருவது எதுவோ அதைக் கரைக்குத் தேர்ந்தால் நடுப்பகுதி எடுப்பாகத் தெரியும் என்பது என் அனுபவம். எனக்கு அது கடுகு மஞ்சளாக இருந்தது. அம்மாவுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த உபயோகம், உண்மையான ஒட்டுத்தையல் போர்வைக்கு இதை அடித்துணியாக வைப்பது. மேலே கையால் இணைத்த துண்டுகள், கீழே அச்சு. பலநிறத் துணியாகையால், தொடக்கநிலையில் இருப்பவரின் தாறுமாறான தையல் அதில் கரைந்துபோகும். ஒற்றை நிறத் துணியானால் ஒவ்வொரு தவறும் பெயர்சொல்லிக் கூப்பிடும். அத்துடன் போர்வையைப் புரட்டியும் போர்த்திக்கொள்ளலாம்.

மீதமிருந்த துணி வீட்டுச் சாமான்களுக்குப் போயிற்று. தலையணை உறை, மெஷின் மூடி, பிள்ளைகளின் புத்தகப்பை ஆகியவற்றை எவரும் சொல்லாமலே தைத்துவிடுவார்கள். அவற்றைப்பற்றி விரிக்க ஒன்றுமில்லை. மலைநாட்டுக்கென்று அமைந்த இரண்டைச் சொல்லவேண்டும். ஒன்று, தேத்தண்ணிப் போத்தலுக்கான உறை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது காலையில் ஊற்றிக்கொண்டுபோகும் தேத்தண்ணி, பனிக்காற்றில் பத்து மணிக்குமுன் பச்சைத்தண்ணியாகிவிடுகிறது என்று என் மதினி குறைப்பட்டுக்கொண்டார். போத்தலின் சுற்றளவோடு ஒன்றரை அங்குலம் கூட்டி வெட்டி, நடுவில் இரண்டு அடுக்குப் பஞ்சு வைத்துத் தைத்து, வாயில் சுருக்குக்கயிறு கோத்துக் கொடுத்தேன். தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அவரே சொன்னார். மற்றது, கொழுந்துக்கூடையின் கயிறு உச்சந்தலையை அழுத்தாமல் இருக்க மடித்துவைக்கும் துணிக்குப் பதிலாக, பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பட்டை. பழந்துணி மடிப்பு நழுவும். இது நழுவாதிருக்க இரு முனைகளிலும் நாடா வைத்துக் கயிற்றோடு கட்டிவிட்டேன். வேர்வையும் மழையும் படுகிற பொருளாகையால் சாயம் போகாத துணியாக இருப்பது இங்கே மிக முக்கியம். இதுபோன்ற சிறு பொருள்களுக்கு 5 அங்குலச் சதுர அச்சு பொருந்தாது, ஒரு சதுரம்கூட முழுதாகத் தெரியாமல் வெறும் பூத்துணிபோல ஆகிவிடும். ஒன்று, ஒன்றரை அங்குலச் சதுரங்கள் கொண்ட துணி வேண்டும்.

அடுப்படியில் கேத்தலை இறக்கும் பிடிதுணிக்கு இதை உபயோகிக்கும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். பொலியெஸ்டர் பஞ்சு வைக்கவே கூடாது. சூட்டில் உருகிக் கையைச் சுட்டுவிடும். உள்ளே பழைய பருத்தித் துவாயை இரண்டாக மடித்து வைத்துத் தைப்பதே பாதுகாப்பு. அச்சுத் துணியும் தனிக் கொட்டனாக இருக்கவேண்டும். ஓர் இழையை உருவி எரித்துப் பார்த்தால், கொட்டன் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் படுக்குமிடத்தைப் பிரிக்கும் மறைப்புத் திரையாகவும் இதைப் போட்டுப் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. பஞ்சும் தையலும் இல்லாமல் தொங்கும்போது இந்தத் துணியிடம் உள்ள பொய் முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பின்பக்கம் படுத்திருப்பவருக்கு அந்த மங்கிய வெள்ளைதான் தெரியும். உடுப்பாகத் தைப்பதிலும் எனக்கு அரைமனம்தான். சிறு பிள்ளையின் கவுனுக்குச் சரி. வளர்ந்தவர்கள் அணிந்தால் போர்வையைப் போர்த்திக்கொண்டு கடைக்கு வந்ததுபோல இருக்கிறது.

"ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகள்தான் கிலோக்கணக்கில் கிடைக்கின்றனவே, அச்சுத் துணி எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசாவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கியபின் கிராமப்புறங்களுக்கும் தொழிற்சாலைகள் வந்தன என்பதும், அந்தத் துண்டுகளில் கால்மிதி தைத்து வாழ்கிறவர்கள் பலர் என்பதும் உண்மை. ஆனால் எனக்குக் கிடைக்கும் மூட்டைகளில் பெரும்பகுதி டீசேர்ட் துணி. அது இழுபடும். நெசவுத் துணியோடு அதைச் சேர்த்துத் தைத்தால் ஒன்று நீள, மற்றது நீள மறுத்து, போர்வை அலையலையாக எழும்பும். கால்மிதிக்கு அது பரவாயில்லை. நெசவுத் துண்டுகள் கிடைக்கும் மூட்டை வாய்த்தால், நானும் அச்சுத் துணியை மறந்துவிட்டு அதைத்தான் எடுப்பேன்.

விற்பனைக்காகத் தைப்பவர்களுக்கு ஒரு சொல். அச்சுத் துணியில் தைத்த போர்வையைக் கைவேலை ஒட்டுத்தையல் என்று சொல்லி, 192 சதுரங்களின் விலையை வாங்குவதுதான் ஏமாற்று; அதற்குத் துணிமேல் பழிபோட முடியாது. "துணி அச்சு, தையல் கை" என்று சிறு அட்டையில் எழுதி ஊக்கில் குத்தித்தான் நான் கொடுக்கிறேன். அதனால் விலை குறைந்ததுண்டு.

கடைசியாக மிஞ்சியது ஒரு முழத்துக்கும் குறைவான துண்டு. சென்ற ஆண்டு பனிக்காலத்தில் தகரப்பெட்டியைத் திறந்தபோது அப்பாயியின் போர்வையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. மாப்பைத் துணி இருந்த இடம் அது. வேறு துணி தேடாமல் அந்த அச்சுத் துண்டைத் துவைத்துக் காயவைத்து, ஓட்டையைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி, ஒட்டுப்போட்ட போர்வையில் ஒட்டுப் படம்போட்ட துணியால் ஒட்டுப் போட்டேன். அம்மா வழக்கம்போல முகத்தைப் பார்க்காமல் போர்வையைப் புரட்டி, பின்புறத்தில் ஓடிய தையலை விரலால் தடவிப் பார்த்து, "ஓரத்துல பழந்துணி தாங்காது. இன்னும் ஒரு விரக்கட தள்ளித் தை" என்றார். சொன்னபடியே இரண்டு மாதத்தில் ஓரம் விட்டுப்போயிற்று. தையலைப் பிரித்து, நைந்த பகுதியைக் கடந்து கெட்டியான துணியில் ஊசி இறங்கும்படி, இம்முறை இரண்டு அங்குலம் பெரிதாக வைத்துத் தைத்திருக்கிறேன்.